முகப்பைப் பார்க்காமல் உள்ளே வருபவர்கள்: மைக்ரோசாஃப்ட் கிளாரிட்டி மதிப்புரை

ஒரு தளத்தில் எது எங்கே இருக்க வேண்டும், எதற்கு என்ன பெயர் வைக்க வேண்டும், ஒரு பக்கத்திலிருந்து அடுத்த பக்கத்துக்கு வழி எப்படிப் போக வேண்டும் என்று தீர்மானிப்பதுதான் இன்ஃபர்மேஷன் ஆர்க்கிடெக்டின் வேலை. முகப்பு, அதன் கீழ் பிரிவுகள், பிரிவுக்குள் உட்பிரிவுகள் என்று மரம் போல வரைந்து வைப்பார்கள். ஆனால் வாட்ஸ்அப் குழுவிலோ ஃபேஸ்புக்கிலோ வந்த லிங்க்கைத் தொட்டு வருபவர் அந்த மரத்தின் அடியை மிதிப்பதே இல்லை. ஏதோ ஒரு இலையில் வந்து இறங்குகிறார். தான் எந்தக் கிளையில் இருக்கிறோம் என்று அவருக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டும் என்ற எண்ணமும் அப்போது இருக்காது.

அந்த இலையில் வந்து இறங்கியவர் அடுத்து எதைத் தொட்டார் என்று காட்டும் கருவிகளில், கைக்காசு செலவில்லாமல் கிடைப்பவற்றில் மிகவும் பயனுள்ளது மைக்ரோசாஃப்ட் கிளாரிட்டி. சமூக ஊடகத்தை நம்பி ஓடும் தமிழ்ச் செய்தித் தளம், சமையல் தளம், ஆன்லைன் புத்தகக் கடை, ஜவுளிக் கடை ஆகியவற்றுக்குத் தயங்காமல் பரிந்துரைக்கலாம். ஆனால் போட்ட உடனே அது காட்டும் எண்களை நம்பக் கூடாது. சில அமைப்புகளைச் சரிசெய்த பிறகுதான் அதன் பேச்சு பேச்சாக இருக்கும். அந்த அமைப்புகளைப் பற்றித்தான் இங்கே அதிகம்.

கிளாரிட்டி 2020 அக்டோபரில் சோதனை நிலையைக் கடந்து எல்லோருக்கும் திறந்துவிடப்பட்டது. கட்டணம் கிடையாது. எத்தனை பேர் வந்தாலும் தளத்தின் வருகைக்கு உச்சவரம்பு இல்லை. மைக்ரோசாஃப்ட், கூகுள், ஃபேஸ்புக் என எந்தக் கணக்கிலும் உள்ளே நுழையலாம். புதிய புராஜெக்ட் திறந்து தளத்தின் பெயர், முகவரி கொடுத்தால் ஒரு சிறு ஸ்கிரிப்ட் கிடைக்கும். அதைத் தளத்தின் ஹெட் பகுதியில் ஒட்ட வேண்டும். வேர்ட்பிரஸ் என்றால் பிளக்இன் இருக்கிறது. கூகுள் டேக் மேனேஜர் வழியாகவும் போடலாம். பிளக்இன், டேக் மேனேஜர் இரண்டையும் சேர்த்துப் போட்டுவிடாதீர்கள். ஸ்கிரிப்ட் ஓடியும் எதுவும் பதிவாகவில்லை என்றால், முதலில் பார்க்க வேண்டியது சர்வரில் உள்ள கன்டென்ட் செக்யூரிட்டி பாலிசி, அதாவது எந்தெந்த வெளி முகவரிகளின் ஸ்கிரிப்டுகளை ஓட விடலாம் என்ற பட்டியல். கிளாரிட்டியின் டொமைன் அதில் அனுமதிக்கப்பட்டிருக்க வேண்டும்.

இது முக்கியமாகத் தருவது மூன்று. ஒன்று, டாஷ்போர்டு: எத்தனை செஷன் (ஒருவர் ஒரு முறை வந்து போவது), ஒரு செஷனுக்கு எத்தனை பக்கம், எவ்வளவு தூரம் உருட்டினார்கள் என்ற கணக்கு. இரண்டு, ஹீட்மேப்: ஒரு பக்கத்தில் எங்கெல்லாம் விரல் பட்டது, எவ்வளவு பேர் எந்த இடம் வரை இறங்கினார்கள் என்ற வண்ணப் படம். மூன்று, ரெக்கார்டிங்: ஒருவர் வந்ததிலிருந்து போனது வரை திரையில் செய்ததைத் திரும்ப ஓட்டிப் பார்ப்பது. ரெக்கார்டிங்கை வீடியோ என்று நினைக்கிறார்கள். அது வீடியோ அல்ல. பக்கத்தின் கட்டமைப்பையும் அதில் நடந்த அசைவுகளையும் மட்டும் குறித்து வைத்துக்கொண்டு, நாம் பார்க்கும்போது பக்கத்தைப் புதிதாகக் கட்டிக் காட்டுகிறது.

இதைப் புரிந்துகொண்டால் ஒரு பெரிய குழப்பம் தீரும். பார்க்கும்போது தளத்தின் தோற்றத்தை வகுக்கும் சிஎஸ்எஸ் கோப்பும் எழுத்துருவும் உங்கள் சர்வரிலிருந்துதான் வருகின்றன. போன வாரப் பதிவை இன்று ஓட்டும்போது, இடையில் சிஎஸ்எஸ் மாறியிருந்தால் பக்கம் கோணல்மாணலாகத் தெரியும். வாசகர் அப்படிப் பார்க்கவில்லை. தமிழ்த் தளங்களில் எழுத்துருவால் இன்னொரு சிக்கல் வரும். எழுத்துருக் கோப்பைப் பிற தளங்கள் எடுத்துக்கொள்ள சர்வர் அனுமதிக்காவிட்டால், ரெக்கார்டிங்கில் வேறொரு தமிழ் எழுத்துரு வந்து உட்காரும். தமிழ் எழுத்துருக்களின் அகலம் ஒன்றுக்கொன்று நிறைய வேறுபடும். வாசகரின் திரையில் 2 வரியில் முடிந்த தலைப்பு இங்கே 3 வரி ஆகும். அதற்குக் கீழே இருப்பதெல்லாம் ஒரு வரி இறங்கிவிடும். பட்டனைத் தொட்டவர் வெற்றிடத்தைத் தொட்டது போலத் தோன்றும். சர்வரில் எழுத்துருக் கோப்புகளுக்கு மட்டும் அந்த அனுமதியைத் தரும் கார்ஸ் ஹெட்டர் சேர்த்துவிட்டால் சரியாகிவிடும். பத்து நிமிட வேலை. செய்யாமல் விட்டால் படிப்பதெல்லாம் தப்பாகப் படிக்க நேரும்.

முதல் நாளே செய்ய வேண்டியவை இன்னும் இரண்டு. அலுவலகத்தின் ஐபி முகவரியை செட்டிங்ஸில் விலக்கி வையுங்கள். ஆசிரியர் குழுவினர் ஒரு நாளில் நூறு முறை முகப்பைத் திறப்பார்கள்; சிறிய தளத்தில் அந்த வருகையே ஹீட்மேப்பை ஆக்கிரமித்துக்கொள்ளும். அடுத்தது பாட்களை (மனிதரல்லாத தானியங்கி வருகைகளை)க் கண்டறியும் வசதி. அது இயங்குகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்தரங்கத்தைப் பொறுத்தவரை, மறைப்பதில் மூன்று நிலைகள் உள்ளன: ஸ்ட்ரிக்ட், பேலன்ஸ்டு, ரிலாக்ஸ்டு. வழக்கமாக இருப்பது பேலன்ஸ்டு. உள்ளீட்டுப் பெட்டிகளில் எழுதுவது எந்த நிலையிலும் மறைக்கப்படும். பேலன்ஸ்டில் பக்கத்தில் உள்ள எண்களும் மின்னஞ்சல் முகவரிகளும் சேர்ந்து மறையும். ஸ்ட்ரிக்ட் என்றால் எழுத்து முழுவதும் மறைந்துவிடும். எந்த மெனுப் பெயரைத் தொட்டார் என்பதே தெரியாது, ஆக நம் வேலைக்கு அது உதவாது. பேலன்ஸ்டில் ஒரு ஓட்டை இருக்கிறது. ஆர்டர் முடிந்ததும் ‘நன்றி, இன்னார்’ என்று பெயரும் வீட்டு முகவரியும் காட்டும் பக்கத்தில் அவை உள்ளீட்டுப் பெட்டியில் இல்லை. சாதாரண எழுத்தாக இருக்கின்றன. எண்கள் மறையும், பெயரும் தெருவும் மறையாது. அந்த இடத்தின் எச்டிஎம்எல் உறுப்புக்கு, கிளாரிட்டி சொல்லித்தரும் மாஸ்க் பண்பை நீங்களே சேர்க்க வேண்டும். இனி வரும் பதிவுகளுக்குத்தான் அது பொருந்தும், பழையவற்றுக்குப் பொருந்தாது. அதனால் ஸ்கிரிப்டைப் போடுவதற்கு முன்பே இதை முடித்துவிடுங்கள். டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023இல் வந்துவிட்டது. சட்டம் இல்லாவிட்டாலும், ஒருவர் வீட்டு முகவரியை நம் அலுவலகத்தில் ஐந்து பேர் ஓட்டிப் பார்ப்பது சரியில்லை.

இனி சமூக ஊடகம். கிளாரிட்டியில் எங்கிருந்து வந்தார் என்று வடிகட்ட முடியும். ஆனால் வாட்ஸ்அப்பில் இருந்து வருபவர் பெரும்பாலும் அந்தத் தடயத்தைக் கொண்டுவருவதில்லை. முகவரியைத் தட்டச்சு செய்து வந்தவர் போல நேரடி வருகையில் போய் விழுந்துவிடுவார். நம் ஊர் வாசகர் பழக்கத்தில் இது சின்ன ஓட்டை அல்ல. பகிரும் லிங்க்கின் முடிவில், எங்கே பகிர்ந்த லிங்க் என்று சொல்லும் யுடிஎம் ஒட்டுகளைச் சேர்ப்பதுதான் வழி: மூலம், வகை, பிரசாரம் என்று மூன்று. மூலத்துக்கு வாட்ஸ்அப் என்று ஒரே எழுத்துக்கூட்டலை எல்லோரும் பயன்படுத்த வேண்டும். ஒருவர் சிறிய ஆங்கில எழுத்திலும் இன்னொருவர் பெரிய எழுத்திலும் மற்றவர் சுருக்கமாகவும் எழுதினால் ஒரே ஊடகம் மூன்றாகப் பிரிந்து நிற்கும்.

யுடிஎம்மில் எல்லோரும் கவனிக்காமல் விடுவது, லிங்க் கைமாறும்போது ஒட்டும் கூடவே போகும் என்பது. ஃபேஸ்புக்கில் போட்ட லிங்க்கைத் திறந்து, அங்கிருந்து நகலெடுத்துக் குடும்பக் குழுவில் போட்டால், அந்தக் குழுவில் இருந்து வரும் இருபது பேரும் ஃபேஸ்புக் வாசகர்களாகவே கணக்காகிவிடுவார்கள். தளத்தில் உள்ள பகிர் பட்டன், இப்போதைய முகவரியை அப்படியே எடுக்காமல், பழைய ஒட்டை உரித்துவிட்டுத் தனக்கென ஒன்றை ஒட்டுமாறு எழுதச் சொல்லுங்கள். ஃபேஸ்புக் தன் பங்குக்கு ஒவ்வொரு லிங்க்கிலும் ஒரு நீண்ட அடையாளக் குறியை வேறு சேர்த்து அனுப்புகிறது. ஹீட்மேப்பில் முகவரி அப்படியே பொருந்த வேண்டும் என்று வைத்தால், அந்த வால் ஒட்டிய வருகைகள் சேராமல் போகும். ‘இதில் தொடங்குவது’ என்ற பொருத்தத்தைத் தேர்ந்தெடுத்தால் எல்லாம் ஒன்றாகச் சேரும்.

முகவரி பற்றிப் பேசும்போது தமிழ்த் தளங்களுக்கே உரிய ஒரு தொல்லையைக் கிட்டே போய்ப் பார்க்க வேண்டும். முகவரியில் தமிழ் எழுத்து வந்தால், அதைக் கணினி சதவீதக் குறிகளாக மாற்றுகிறது. ‘தமிழ்’ என்பது நமக்கு மூன்று எழுத்து. கணினி எழுத்துகளை எண்ணும் யூனிகோடு முறைக்கு த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று ஐந்து. ஒவ்வொன்றும் யுடிஎஃப்-8 என்ற குறியீட்டு முறையில் 3 பைட். ஒரு பைட்டுக்கு ஒரு சதவீதக் குறி, அதன்பின் இரண்டு எழுத்தோ எண்ணோ என 3 இடம். ஆக ஒவ்வொன்றுக்கும் 9 இடம், ‘தமிழ்’ என்ற ஒரு சொல்லுக்கு 45 இடம். வேர்ட்பிரஸ் ஒரு பதிவின் முகவரிப் பெயருக்கு ஒதுக்குவது மொத்தம் 200 இடம்தான்.

‘திருவண்ணாமலை கிரிவலம் செல்லும் பேருந்துகள்’ என்று ஒரு கட்டுரை போடுங்கள். திருவண்ணாமலைக்கு 108 இடம், இடையில் ஒரு கோடு, கிரிவலத்துக்கு 72, இன்னொரு கோடு. 182 ஆகிவிட்டது. மிச்சம் 18இல் ‘செ’ மட்டும் நுழையும். அங்கேயே வெட்டு விழுந்துவிடும். அடுத்த வாரம் ‘திருவண்ணாமலை கிரிவலம் செல்ல உகந்த நேரம்’ என்று எழுதினால் அதுவும் ஏறக்குறைய அதே இடத்தில் வெட்டுப்பட்டு, 2 என்ற எண் வாலோடு நிற்கும். கிளாரிட்டியின் பக்கப் பட்டியலில் எது பேருந்து, எது நேரம் என்று சொல்லவே முடியாது. வாட்ஸ்அப்பில் ஒட்டினால் அரைத் திரைக்குக் குறிகளாகக் கொட்டும். பார்ப்பவருக்கு ஏதோ மோசடி லிங்க் போலத் தெரியும். வெளியிடும் முன் முகவரிப் பெயரை மட்டும் ஆங்கில எழுத்தில் சுருக்கமாகத் திருத்துவதுதான் நல்ல வழி. தலைப்பு தமிழிலேயே இருக்கட்டும். ஏற்கெனவே வெளியானவற்றை மாற்றினால், பழைய முகவரிக்கு வருபவரைப் புதியதற்கு அனுப்பும் 301 திருப்பல் கட்டாயம் வைக்க வேண்டும். அந்தப் பழைய லிங்க்குகள் எத்தனையோ குழுக்களில் உயிரோடு இருக்கின்றன.

அடுத்த முன்னேற்பாடு, பக்க வகையைக் குறிப்பது. கிளாரிட்டியில் நாமே ஒரு குறிச்சொல்லையும் அதன் மதிப்பையும் ஸ்கிரிப்ட் வழியாக அனுப்பலாம். கட்டுரை, பிரிவுப் பட்டியல், தேடல் முடிவு, பொருள் பக்கம், கூடை என்று டெம்ப்ளேட்டின் வகையை அனுப்பிவிட்டால், ஆயிரம் கட்டுரைகளைத் தனித்தனியாகப் பார்க்க வேண்டியதில்லை. ‘கட்டுரைப் பக்கத்தைத் தொட்ட செஷன்கள்’ என்று ஒரே வடிகட்டியில் வரும். இன்ஃபர்மேஷன் ஆர்க்கிடெக்ட் பேசுவது வகைகளைப் பற்றித்தான், தனிப் பக்கங்களைப் பற்றியல்ல. டெவலப்பரிடம் அரை மணி நேரம் கேட்டு வாங்கி இதைச் செய்துகொள்வது மிகவும் பயன் தரும்.

டாஷ்போர்டில் நான்கு எச்சரிக்கைகள் வரும். டெட் கிளிக் என்றால் தொட்டும் ஒன்றும் நடக்காத தொடுகை. ரேஜ் கிளிக் என்றால் ஒரே இடத்தில் படபடவென்று பலமுறை தட்டியது. குயிக் பேக் என்றால் ஒரு பக்கத்துக்குப் போய் உடனே முந்தைய பக்கத்துக்குத் திரும்பியது. எக்ஸசிவ் ஸ்குரோலிங் என்றால் அளவுக்கு மீறி மேலும் கீழும் உருட்டியது.

இவற்றில் தளத்தின் கட்டமைப்பைப் பற்றி அதிகம் பேசுவது டெட் கிளிக். ஒன்றைத் தொட்டால் வழி திறக்கும் என்று வாசகர் நம்பினார், அங்கே வழி இல்லை என்பதற்கு நேரடிச் சாட்சி அது. கட்டுரைத் தலைப்புக்கு மேலே ‘ஆரோக்கியம்’ என்று பச்சைப் பட்டையில் எழுதியிருக்கும். அது லிங்க்காக இருக்காது. வாட்ஸ்அப்பில் இருந்து வந்தவருக்கு இந்தத் தளத்தில் வேறு என்ன இருக்கிறது என்று கேட்கத் தோன்றும் ஒரே இடம் அதுதான், அதைத் தொடுவார். எழுத்தாளர் பெயரைத் தொடுவார். கட்டுரை நடுவே தடித்த எழுத்தில் இருக்கும் ஊர்ப் பெயரைத் தொடுவார். படத்தைப் பெரிதாக்கத் தொடுவார். முதல் மூன்றுக்கும் லிங்க் கொடுத்துவிடலாம். படத்துக்குப் பெரிதாக்கும் வசதி வைக்கலாம். ஆனால் டெட் கிளிக் எல்லாமே குறை அல்ல. படிக்கும்போது விரலைச் சும்மா வைத்து எடுப்பவர்கள் உண்டு. ஒரு வாக்கியத்தை நகலெடுக்கத் தொடுபவர்கள் உண்டு. ஒரே உறுப்பின் மேல் பலர் தொட்டிருந்தால் மட்டும் அதைப் பொருட்படுத்துங்கள்.

ரேஜ் கிளிக்கின் பெயர் பயமுறுத்தும், பாதி வேளை அதில் கோபமே இருக்காது. புடவைப் படங்களை அடுத்து அடுத்து என்று தள்ளும் அம்புக்குறி, எண்ணிக்கையைக் கூட்டும் பட்டன், நாள்காட்டியில் அடுத்த மாதம் போகும் குறி ஆகிய மூன்றிலும் வேகமாகத் தட்டுவது இயல்பு. இவற்றை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால் மிஞ்சுவதுதான் கவனிக்க வேண்டியது. அதில் முக்கியமானது சிறிய தொடு இடம். தொடும் இடத்தின் அகல உயரத்துக்குக் கூகுள் 48 திரை அலகும் ஆப்பிள் 44 திரை அலகும் குறைந்தபட்சமாகச் சொல்கின்றன. விளம்பரத்தை மூடும் குறி அதில் பாதிகூட இருக்காது.

குயிக் பேக், பெயரிடுவதில் உள்ள பிழையைக் காட்டும். லிங்க்கில் ஒரு பேச்சு, போன பக்கத்தில் வேறு பேச்சு என்றால் உடனே திரும்புவார்கள். பீட்டர் பிரோல்லி, ஸ்டூவர்ட் கார்டு என்ற ஆய்வாளர்கள் 1990களில் இதைத் தகவலின் வாசனை என்று விளக்கினார்கள்: இரை தேடும் விலங்கு போல, வாசனை வலுக்கும் திசையில் மனிதர் போவார், வாசனை விட்டுப்போனால் திரும்பிவிடுவார். ‘சேவைகள்’, ‘மற்றவை’, ‘சிறப்புப் பகுதி’ போன்ற பெயர்களுக்கு வாசனையே இல்லை. ஒரு எச்சரிக்கை: இந்தக் கணக்கு தளத்துக்குள் நடக்கும் போக்குவரத்துக்கு மட்டுமே. ஃபேஸ்புக் செயலிக்குள் திறக்கும் உலாவியில் முதல் பக்கத்திலேயே பின் பட்டனைத் தட்டினால் மறுபடி ஃபேஸ்புக்குக்கே போய்விடுவார். அது குயிக் பேக்கில் சேராது. சமூக ஊடக வாசகரின் ஏமாற்றத்தை இந்த எண் குறைத்துத்தான் காட்டும். அவர்களுக்கு வாசனை தொடங்குவது வாட்ஸ்அப்பில் தெரியும் முன்னோட்டப் பெட்டியில். அந்தப் பெட்டிக்குப் போகும் ஓபன் கிராஃப் தலைப்பில் ஒன்று, பக்கத்தில் வேறு ஒன்று என்று வைக்காதீர்கள். படம் 1200க்கு 630 பிக்சல் இருந்தால் பெரும்பாலும் வெட்டுப்படாது.

அந்த உள் உலாவியின் இன்னொரு குணம்: வந்தவரை அடையாளம் காண உலாவியில் வைக்கும் குக்கீ தனியாக இருக்கும். அதே ஆள் காலையில் ஃபேஸ்புக் வழியாகவும் மாலையில் குரோமிலும் வந்தால் இரண்டு ஆளாகவே கணக்காகும். புதிய வாசகர் கூடிவிட்டார்கள் என்று மகிழ்வதற்கு முன் இதை நினைவில் வையுங்கள்.

ஹீட்மேப்பை மொபைலுக்குத் தனியாகப் பாருங்கள். கணினிக்கும் மொபைலுக்கும் சேர்த்து ஒரு முடிவுக்கு வர முடியாது. ஸ்குரோல் படத்தில் எந்த இடத்தை எத்தனை சதவீதம் பேர் பார்த்தார்கள் என்று வரும். ‘தொடர்புடைய செய்திகள்’ பெட்டி எந்த உயரத்தில் இருக்கிறது, அங்கே வண்ணம் எவ்வளவு குளிர்ந்திருக்கிறது என்று பாருங்கள். கட்டுரை முடிந்து, கருத்துப் பெட்டி, விளம்பரம் எல்லாம் தாண்டி இருந்தால் அதில் எவ்வளவு நல்ல லிங்க் வைத்தும் பயனில்லை. மூன்றாவது நான்காவது பத்திக்குப் பிறகு, பொருளோடு ஒட்டிய ஒரே ஒரு லிங்க்கை வாக்கியமாகவே வையுங்கள். கிளிக் படத்தில் ஒரு சங்கடம்: மூன்று கோடு மெனு மூடியிருக்கும் நிலையில்தான் படம் எடுக்கப்பட்டிருக்கும். உள்ளே இருக்கும் பெயர்கள் மேல் விழுந்த தொடுகைகள் படத்தில் தெரியாது. பக்கவாட்டில், அதிகம் தொடப்பட்ட உறுப்புகளின் பட்டியல் இருக்கிறது, அதில் தேடுங்கள்.

மெனுவுக்குப் பதில் திரையின் அடியில் ஐந்து பிரிவுகள் உள்ள பட்டை வைப்பது இப்போது வழக்கம். 360 பிக்சல் அகலத் திரையில் ஒன்றுக்கு 72 பிக்சல் கிடைக்கும். ‘பொழுதுபோக்கு’ அதற்குள் படிக்கும் அளவில் அடங்காது, ‘சினிமா’ அடங்கும். அடங்காத சொல்லை மூன்று புள்ளி வைத்து வெட்டிய தளங்களில் அந்தப் பிரிவு எப்படித் தொடப்படுகிறது என்று ஹீட்மேப்பில் பாருங்கள். சொல்லை மாற்ற ஆசிரியரைச் சம்மதிக்க வைக்க அந்தப் படம் ஒன்றே போதும். வாதாடுவதைவிடப் படம் காட்டுவது எளிது. இந்தக் கருவியின் பெரிய வரம் அதுதான் என்பது என் கணிப்பு.

ரெக்கார்டிங் பார்ப்பதற்கு ஒரு ஒழுங்கு வேண்டும். இல்லாவிட்டால் மணிக்கணக்கில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்துவிட்டு எழுந்து போவோம். மொபைல், நுழைந்த பக்கம் கட்டுரை, யுடிஎம் வகை சமூக ஊடகம், குறைந்தது 2 பக்கம் பார்த்தவர் என்று நான்கு வடிகட்டிகளைப் போடுங்கள். ஒரே பக்கத்தோடு போனவர் பெரும்பாலும் படிக்க வந்ததைப் படித்துவிட்டுப் போயிருப்பார்; கட்டமைப்பைப் பற்றிச் சொல்ல அவரிடம் எதுவும் இல்லை. இரண்டாவது பக்கத்துக்குப் போனவர்தான் நம் வழிகளைச் சோதித்தவர். அசைவில்லாத நேரத்தைத் தாண்டும் வசதியை இயக்கி, இரட்டை வேகத்தில் ஓட்டினால் வாரத்துக்கு 20 பதிவுகளை ஒரு மணி நேரத்துக்குள் பார்த்துவிடலாம். ஒரு எக்ஸல் தாளில் நான்கு கட்டம் போதும்: வந்து இறங்கிய பக்கம், அடுத்து தொட்டது, எதைத் தேடியது போலத் தெரிந்தது, எங்கே விட்டுப் போனார். மூன்றாவது கட்டம் ஊகம் என்பதை மறக்கக் கூடாது.

தேடல் பெட்டியில் என்ன எழுதினார் என்பது மறைந்திருக்கும் என்றேன். ஆனால் முடிவுப் பக்கத்தின் முகவரியிலோ தலைப்பிலோ அந்தச் சொல் மறுபடி வரும், அங்கே படிக்கலாம். தமிழ்த் தளங்களின் பலவீனம் பளிச்சென்று தெரியும் இடம் இது. வாசகர்கள் தமிழ்ச் சொல்லை ஆங்கில எழுத்தில் தட்டுவார்கள். தளத்தின் தேடல் அதைப் புரிந்துகொள்ளாது. பூஜ்யம் முடிவு வரும். ‘மதுரையில் ஹோட்டல்’ என்று தேடினால் ‘மதுரை’ என்று மட்டும் உள்ள பதிவுகள் வராது, சாதாரணத் தேடலுக்கு வேற்றுமை உருபு தெரியாது. கிடைக்காத சொற்களை ஒரு மாதம் குறித்து வையுங்கள். பிரிவுகளுக்கு என்ன பெயர் வைப்பது என்ற கேள்விக்கு வாசகர்களே எழுதித் தந்த விடை அது.

இந்தக் கருவி எங்கே வந்தார், எதைத் தொட்டார் என்று மட்டும் சொல்லும். ஏன் என்று சொல்லாது. ‘உடல்நலம்’ பிரிவைத் திறந்து உருட்டிவிட்டுப் போனவர் சித்த மருத்துவக் கட்டுரையைத் தேடினாரா, யோகாசனத்தையா என்று ஹீட்மேப்பை எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் தெரியாது. அதற்குப் பழைய வழிதான்: 30, 40 அட்டைகளில் உள்ளடக்கப் பெயர்களை எழுதி, வாசகர்களையே குவியல்களாகப் பிரிக்கச் சொல்லும் கார்ட் சார்ட்டிங். பிறகு வடிவமைப்பு எதுவும் இல்லாமல் வெறும் மெனு மரத்தைக் காட்டி ‘இது எங்கே இருக்கும்’ என்று கேட்கும் ட்ரீ டெஸ்ட். கிளாரிட்டி எங்கே தோண்ட வேண்டும் என்று காட்டும். தோண்டுவது இவற்றால்தான் முடியும். ஹாட்ஜார் போன்ற கருவிகளில் பக்கத்திலேயே வாசகரிடம் கேள்வி கேட்கும் பெட்டி இருக்கிறது. கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய கட்டத்தில், காசு கொடுத்து அதை எடுப்பதில் தவறில்லை.

வெளிநாட்டுத் தமிழர்கள் அதிகம் படிக்கும் தளம் என்றால் ஒன்று கவனிக்க வேண்டும். லண்டன், பாரிஸ், சூரிச், ஆஸ்லோ வாசகர்கள் விஷயத்தில், 2025 அக்டோபர் 31 முதல் ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதி, பிரிட்டன், சுவிட்சர்லாந்து வருகைகளுக்கு ஒப்புதல் சமிக்ஞையைக் கிளாரிட்டி கட்டாயமாக்கிவிட்டது. ஒப்புதல் பெட்டி வைத்து அதன் பதிலைக் கிளாரிட்டிக்கு அனுப்பாவிட்டால், ஒரே ஆளின் பயணம் பக்கம் பக்கமாகத் துண்டாகிவிடும். அப்போது ‘ஐரோப்பிய வாசகர்கள் ஒரு பக்கத்தோடு போய்விடுகிறார்கள்’ என்று தப்பாக முடிவு கட்டிவிடுவோம். இன்னொன்று: மருத்துவம், நிதி, அரசு சேவை தொடர்பான அந்தரங்கத் தகவல் புழங்கும் தளங்களிலும், 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்கான தளங்களிலும் இதைப் பயன்படுத்த அதன் விதிமுறையே இடம் தரவில்லை. பள்ளி மாணவர்களுக்கான பாடத் தளம் நடத்துபவர்கள் இலவசம் என்று எண்ணிப் போட்டுவிடக் கூடாது.

சாதாரணப் பதிவுகளில் பெரும்பாலானவை 30 நாளோடு அழிந்துவிடும். பிடித்தவை என்று குறித்து வைத்தவை அதைவிட நீண்ட காலம் நிற்கும். மெனுவை மாற்றப் போகிறீர்கள் என்றால், மாற்றுவதற்கு முந்தைய வாரத்தில் மேலே சொன்ன நான்கு வடிகட்டிகளைப் போட்டு 20 பதிவுகளைக் குறித்து வையுங்கள், அதே நாளில் ஹீட்மேப்பையும் படமாக இறக்கி வையுங்கள். இரண்டு மாதம் கழித்துப் புதிய மெனு நன்றாக வேலை செய்கிறதா என்று கேட்பார்கள். ஒப்பிட்டுக் காட்ட அப்போது அவை கைகொடுக்கும்.